உள்ளே போகும் முன் வெளியேறும் வழி

ஊர்ச் சங்கமோ, பழைய மாணவர் சங்கமோ, வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கமோ, அதன் இணையதளம் பழசாகிவிட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தால், எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் விடை வந்துவிடுகிறது: “எல்லாரும் வேர்ட்பிரஸ்தானே வைத்திருக்கிறார்கள், நாமும் அதையே போட்டுவிடுவோம்.” உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை வேர்ட்பிரஸில் ஓடுவது உண்மைதான். பலர் வைத்திருப்பதால் நமக்கும் அதுவே பத்திரம் என்று அதிலிருந்து முடிவு கட்டுவதுதான் தவறு. கூட்டம் நிறைந்த ஓட்டலைத் தேடிப் போவதில் நியாயம் உண்டு; இன்றைய சாப்பாடு இன்றோடு முடிந்துவிடும். ஒரு சமூகத்தின் தளம் இருபது ஆண்டு நிற்க வேண்டியது. அந்தக் காலத்துக்குள் அதைக் கட்டியவர் வேலை மாறிப் போவார், செயற்குழு பலமுறை மாறும், மென்பொருளும் வேறு வடிவம் எடுக்கும். ஆகவே எத்தனை பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, நம் எழுத்தையும் படங்களையும் சேதமில்லாமல் எடுத்துக்கொண்டு அதைவிட்டு வெளியேற முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ட்ருபலின் கதை இதற்குப் போதிய சான்று. 2001-இல் பெல்ஜியத்தின் ட்ரீஸ் பைட்டார்ட் வெளியிட்ட, தளம் கட்டும் மென்பொருள் அது. 2009-இல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளமே ட்ருபலுக்கு மாறியபோது, இனி இதுதான் என்று நம்பிப் பல தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அதில் குடியேறின. 2011 ஜனவரியில் ட்ருபல் 7 வந்தது. 2015-இல் வந்த எட்டாம் பதிப்பின் உள்கட்டுமானம் அடியோடு மாறியிருந்தது. ஏழிலிருந்து எட்டுக்குப் போவது பதிப்பு உயர்த்தும் வேலையாக இல்லை. தளத்தைப் புதிதாகக் கட்டி, பழைய தரவை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையாக இருந்தது. பணமுள்ள நிறுவனங்கள் செய்தன. மற்றவர்கள் ஏழிலேயே தங்கினார்கள். 2021 நவம்பரில் முடியவிருந்த அதன் ஆதரவை, தங்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மீண்டும் மீண்டும் நீட்டித்து, கடைசியில் 2025 ஜனவரி 5 அன்று நிறுத்தினார்கள். வெள்ளை மாளிகை 2017-லேயே வேர்ட்பிரஸுக்குப் போய்விட்டது. அவர்களுக்குச் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் இருந்தார்கள். மாலை நேரத்தில் தளத்தைக் கவனிக்கும் ஒரு தன்னார்வலரை நம்பியிருக்கும் சங்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

பராமரிப்பு என்ற சொல்லை நம் செயற்குழுக்கள் பேச்சில் கொண்டுவருவதே இல்லை. 2014 அக்டோபரில் ட்ருபல் 7-இல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டு, அதை அடைக்கும் திருத்தமும் அன்றே வெளியானது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் திருத்தத்தைப் போடாத தளங்கள் ஊடுருவப்பட்டதாகவே கருதிக்கொள்ளுங்கள் என்று ட்ருபலின் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. எந்தச் சங்கத்தில் ஏழு மணி நேரத்துக்குள் ஒருவர் செர்வரில் நுழைந்து இதைச் செய்திருப்பார்? வேர்ட்பிரஸ் 2013 முதல் சிறு திருத்தங்களைத் தானே போட்டுக்கொள்கிறது என்பது அதன் பெருமைக்குரிய குணம். ஆனால் அதன் ஆபத்துகளில் பெரும்பகுதி மையத்தில் இல்லை, ஆளுக்கொருவர் எழுதும் செருகுநிரல்களில் (plugins) இருக்கிறது. தளம் தொடங்கிய உற்சாகத்தில் இருபது செருகுநிரல் போடுவார்கள். இரண்டு ஆண்டில் அவற்றில் சிலவற்றை எழுதியவர்களே கைவிட்டிருப்பார்கள். பலர் பயன்படுத்தும் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டவனுக்குப் பல வீடுகள் திறக்கும் என்பதால், புகழ் இங்கே பாதுகாப்பைக் கூட்டவில்லை, தாக்குபவனின் லாபத்தைத்தான் கூட்டுகிறது.

வேர்ட்பிரஸ் தெரிந்தவர்கள் எங்கும் கிடைப்பார்கள், அதுதான் அதன் பலம் என்பார்கள். வலுவான வாதம்தான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கிடைப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது புதுத் தீம் வாங்கி மாட்டுவது. பக்கம் வடிவமைக்கும் செருகுநிரல்களில் பல, கட்டுரைக்குள் சதுர அடைப்புக்குறிகளில் தமக்கே உரிய கட்டளைகளை நுழைத்துவிடுகின்றன. அந்தச் செருகுநிரலை நிறுத்திய மறுகணம் வாசகருக்குக் கட்டுரை தெரியாது, கட்டளைக் குப்பைதான் தெரியும். வேர்ட்பிரஸில் தரவை ஏற்றுமதி செய்யும் வசதி இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் ஏற்றுமதியாகி வருவது அந்தக் குப்பையுடன் வருகிறது. பெரிய கூட்டம் இருந்தால் ஒருவர் கையில் சிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையும் 2024 செப்டம்பரில் ஆட்டம் கண்டது. வேர்ட்பிரஸை உருவாக்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட தகராறில், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சில நாள் வழக்கமான வழியில் செருகுநிரல்களைப் புதுப்பிக்க முடியாமல் நின்றார்கள்.

தமிழில் எழுதும் தளங்களுக்கு வெளியேறும் வழி இன்னும் குறுகலானது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு இணைய முகவரியில் மாற்றி எழுதப்படும்போது ஒன்பது எழுத்தாக நீள்கிறது. வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ஆக 22 குறியீட்டோடு தலைப்பு வெட்டுப்படுகிறது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளிகளையும் கழித்தால் கண்ணுக்குத் தெரிவது பதினைந்து எழுத்து தேறுவதே அரிது. நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் அது முகவரியை வேறுவிதமாக அமைக்கும். வெளியே பிறர் கொடுத்த பழைய இணைப்புகள் அத்தனையும் அறுந்துபோகும். பழைய தரவுத்தளங்களில் தமிழ் எழுத்துகள் லத்தீன் அட்டவணைக்குள் சேமிக்கப்பட்டிருந்தால், எடுக்கும்போது பக்கம் பக்கமாகப் புரியாத குறிகளே வரும். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் காணாமல் போனதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. மறுகட்டுமானம் என்ற பெயரில் நாம் செய்யும் அழிப்புக்கும் அந்தக் கணக்கில் பங்கு உண்டு.

எதிர்த்திசையிலும் சான்று இருக்கிறது, அதுவும் தமிழிலேயே. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை எளிய கோப்புகளாக வைத்தது. அதனால்தான் தமிழ் எழுத்துக் குறியாக்கம் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறிய பெரும் புயலிலும் நூல்கள் கூடவே மாறி வந்தன. ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் திட்டம் மீடியாவிக்கியைத் தேர்ந்தது. பலர் சேர்ந்து ஒரே பட்டியலை வளர்க்கும் வேலைக்கு, யார் எதைத் திருத்தினார் என்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் அந்தக் கருவி பொருந்துகிறது. இரு திட்டத்தாரும் தங்கள் வேலையிலிருந்து கருவிக்குப் போனார்கள். சங்கத் தளத்தில் இருப்பது என்ன? வரலாறு, நிகழ்ச்சி அறிவிப்பு, பழைய மலர்கள், படங்கள், தொடர்பு விவரம். இதற்கு ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பும் அமைப்பே தேவையில்லை. ஹியூகோ, ஜெக்கில் போன்றவை உரைக்கோப்புகளிலிருந்து பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடுகின்றன. தளத்தில் ஊடுருவ நிரல் ஏதும் ஓடுவதில்லை, பத்தாண்டு யாரும் தொடாவிட்டாலும் பக்கம் திறக்கும்.

இத்தகைய தளத்தைக் கணினி தெரியாத செயலாளரால் இயக்க முடியாதே என்ற மறுப்பு நியாயமானது. வாரம் பத்துப் பேர் எழுதும் தளமென்றால் நான் வேர்ட்பிரஸையே சொல்வேன், செருகுநிரல்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொள்ளச் சொல்லி. மாதம் ஓர் அறிவிப்பு போடும் சங்கத்தில் அந்த அறிவிப்பைப் போட ஓர் இளைஞர் போதும்; ஆண்டு முழுதும் செர்வரைக் காக்க ஒருவரைத் தேடுவதைவிட அவரைத் தேடுவது எளிது. தளமே வேண்டாம், முகநூல் குழு போதும் என்பவர்கள் யாஹூ குழுமங்களை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆண்டுக்கணக்கில் சேர்ந்த உரையாடல்களையும் கோப்புகளையும் 2019-இல் அறிவித்து அந்த நிறுவனம் அழித்துவிட்டது. சில வார அவகாசம்தான் கொடுத்தார்கள்.

செயற்குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வாக்கெடுப்புக்கு முன் உங்கள் தளத்தின் மிகப் பழைய இருபது பக்கங்களை எடுத்து, பரிசீலனையில் இருக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் ஏற்றிப் பாருங்கள். பிறகு அவற்றைத் திரும்ப வெளியே எடுத்து, தமிழும் படங்களும் பழைய முகவரிகளும் தப்பினவா என்று ஒப்பிடுங்கள். அவை தப்பாத மென்பொருள் எத்தனை கோடித் தளங்களில் ஓடினாலும் அதைத் தீர்மானத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.