துரை பக்கத்து நியாயம்

நம் கூட்டங்களில் நிர்வாகத்தைத் திட்டினால் கைதட்டு விழுகிறது. "அவங்க என்னதான் சொல்றாங்கன்னு கொஞ்சம் பாப்போமே" என்று யாராவது வாயைத் திறந்தால், "நீ துரை ஆளா?" என்று உட்கார வைத்துவிடுகிறோம். தோழர்களே, இதில் நட்டம் துரைக்கு அல்ல, நமக்குத்தான்.

சம்பள விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. (ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் ஆகஸ்டு வரை தவணை கிடைத்தது.) கிலோ கணக்கில் பால் வெட்டுகிறவருக்கும் டன் கணக்கில் குலை அறுக்கிறவருக்கும் இது உண்டு. முதலாளி தரப்பு என்ன சொல்கிறது? "ரப்பர் விலையும் எண்ணெய் விலையும் உலகச் சந்தையில் முடிவாகிறது, எங்கள் கையில் இல்லை. விலை விழுந்தாலும் சம்பளம் இறங்கக் கூடாது என்றால் எப்படி? அதோடு, வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஒரே காசு என்றால் எவன் உழைப்பான்?"

முதல் பேச்சு உண்மை. அதை மறுத்தால் மேசையில் நம்மைச் சிறுபிள்ளை ஆக்கிவிடுவார்கள். ஒத்துக்கொண்டே கேளுங்கள்: விலை உங்கள் கையில் இல்லை, சரி, எங்கள் கையில் மட்டும் இருக்கிறதா? 1950-51 கொரியப் போர்க் காலத்திலும் 2011-லும் ரப்பர் விலை எங்கேயோ போனது. ஏறும்போது லாபம் யாருக்கோ, இறங்கும்போது பாரமும் அவருக்குத்தானே?

இரண்டாவது பேச்சுக்கு, "நாங்க சோம்பேறி இல்லை" என்று கத்தினால் போதாது. பெரட்டுக்கு வந்துவிட்டு நழுவுகிற நாலு பேர் எந்தத் தோட்டத்திலும் உண்டு, மறைப்பானேன்? ஆனால் மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறைவது யார் குற்றம்? விடியற்காலை மழையில் பட்டை நனைந்தால் யார் வெட்ட முடியும்? கிழட்டு மரத்தில் எவ்வளவு கைதேர்ந்தவர் வெட்டினாலும் மங்கு நிறையுமா? மழை நாள் எத்தனை, உங்கள் வெட்டுக்காட்டு மரத்துக்கு வயது என்ன, அன்றன்றைக்குக் கிலோ எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிராணியிடம் செக்ரோல் இருக்கிறதல்லவா? நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இது ஒன்றும் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த வித்தையில்லை. அருணந்தி சிவாச்சாரியார் செய்த சிவஞான சித்தியாரில் முதலில் வருவது பரபக்கம். மாற்றார் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுத்த பிறகே, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் வருகிறது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் கூடுங்கள். வாய்த்துடுக்கான ஒருவரைத் துரையாக உட்கார வைத்து, அவரை மடக்கிப் பாருங்கள். பொம்பளைங்களையும் கூப்பிடுங்கள், குடும்பச் செலவுக் கணக்கில் அவர்களை எந்தத் துரையும் மடக்க முடியாது. "மாசா மாசம் சந்தா வாங்குறீங்களே, என்னத்தைக் கிழிச்சீங்க?" என்று கேட்கிற இளவட்டத்தையும் விரட்டாதீர்கள். அந்தக் கேள்விக்கும் பதில் வேண்டும்.

1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி, கூட்டு ஒப்பந்தம் ஒருமுறை கையெழுத்தானால் அதன் ஆயுள் குறைந்தது மூன்று வருடம். அன்றைக்கு மேசையில் பதில் சொல்லத் தெரியாமல் விட்ட பேச்சுக்கு, அந்த மூன்று வருடமும் நம் வீட்டு அடுப்புதான் பதில் சொல்லும்.