கூடலூர் நிலம்: ஒரே தீர்ப்பு போதாது

நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவில், கேரளத்தையும் கர்நாடகத்தையும் தொட்டபடி இருக்கின்றன கூடலூர், பந்தலூர் வட்டங்கள். யானை ஊருக்குள் வந்தால்தான் வெளியூர்க்காரர்கள் இவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்போது அங்குள்ளவர்கள் எல்லோருக்கும் ‘காட்டை ஆக்கிரமித்தவர்கள்’ என்ற ஒரே பெயர் சூட்டப்படுகிறது. அது எவ்வளவு தவறு என்பது, யார் எப்படி அங்கு வந்தார்கள் என்று பார்த்தால் விளங்கும்.

பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடிகளே அந்த மண்ணின் மூத்தவர்கள். பணியர் தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளர்களின் வயல்களில் கொத்தடிமைகளாக உழைத்தார்கள். காட்டுநாயக்கர் தேனும் காட்டுப் பொருள்களும் சேகரித்தார்கள். மவுண்டாடன் செட்டிகள் தாழ்வயல்களில் நெல் விளைவித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் காப்பித் தோட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கம் தேடி லண்டன் முதலீடு கொட்டப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே வீணானது. பிறகு தேயிலை நிலைத்தது. திருவிதாங்கூர் விவசாயிகள் குடியேறினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த 5,25,000 மலையகத் தமிழர்களை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தர 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னாளில் டான்டீ நிறுவனமானது.

இன்று இவர்கள் எல்லோரையும் பிணைப்பது பச்சைத் தேயிலை. காப்பி, மிளகு, இஞ்சி, பாக்கு இருந்தாலும், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் வருவது தேயிலையால்தான். பறித்த இலையை இருப்பு வைக்க முடியாது. உடனே தொழிற்சாலைக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் குன்னூர் ஏலத்தில் தேயிலைத்தூள் விலை இறங்கினால், சிறு விவசாயியின் வருமானமும் தோட்டத்தில் கூலி வேலையும் சேர்ந்தே இறங்குகின்றன.

இதற்கெல்லாம் அடியில் தீராத நிலச் சிக்கல் கிடக்கிறது. இப்பகுதி நிலம் பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலம், அதாவது பரம்பரை உடைமை. அந்த ஜன்ம முறையை ஒழிக்க 1969இல் தமிழக அரசு சட்டம் இயற்றியது. தாமே பயிர் செய்தவர்கள் பட்டா பெற வழி பிறந்தது. ஆனால் தோட்டத்துக்காகக் குத்தகைக்கு விடப்பட்ட நிலங்கள் அச்சட்டத்தின் 17ஆம் பிரிவில் வந்தன. குத்தகையைத் தொடரவிடுவதா, முடிப்பதா என்ற முடிவு அரசிடம் வந்து சேர்ந்தது. பிறகு வழக்குகள் தொடர்ந்தன. இச்சட்டத்தை ஒட்டி எழுந்த அரசியலமைப்புக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வரை சென்று, 2007இல் தீர்ப்பு வந்தது. கூடலூர் மரவெட்டை எதிர்த்துக் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு, காடு என்பதன் பொருளையே நாடு முழுவதற்கும் விரித்தது.

இந்த இழுபறியின் சுமை ஏழைகள் தலையில்தான் விழுந்தது. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாமல் முதிர்ந்த தேயிலைச் செடிகளை மாற்றி நட முடியாது. பிரிவு 17 நிலத்து வீடுகளுக்கு நெடுங்காலம் மின் இணைப்பும் மறுக்கப்பட்டது.

காட்டைக் காப்பது அவசியம்; யானைகளின் வழித்தடங்களில் சமரசம் கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு வைத்திருக்கும் நிறுவனமும், அரை ஏக்கரில் குடிசை போட்ட தொழிலாளியும், காட்டில் பிறந்து வளர்ந்த காட்டுநாயக்கரும் சட்டத்தின் முன் ஒரே வகையினராக நிறுத்தப்படுவது நியாயமல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பழங்குடிகளின் உரிமையை முதலில் அளந்து கொடுக்க வேண்டும். அடுத்து, சிறு விவசாயிகளுக்கும் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கும் வீட்டு மனையையும் பயிர் நிலத்தையும் உறுதிசெய்ய வேண்டும். பெருந்தோட்டக் குத்தகைகளைத் தனியாக விசாரித்து முடிக்க வேண்டும். ஜன்ம ஒழிப்புச் சட்டம் பிறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இனியும் காலம் தாழ்த்துவதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்ல முடியாது, அது அநீதி.