ரேம் போடும் முன் ஒரு க்ராஸ் மேட்ச்

1. இன்னைக்கு மருத்துவம் இல்லாத ஒரு த்ரெட். முடிச்சூர், தாம்பரம் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "டாக்டர், வீட்டு டெஸ்க்டாப் ரொம்ப ஸ்லோ. 8 ஜிபி ரேம் இருக்கு. இன்னொன்னு வாங்கிப் போடலாமா?"

போடலாம். ஆனா எது கிடைக்குதோ அதை வாங்கிச் சொருகாதீங்க.

2. இதை இப்ப சொல்லக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுது. "பழசைத் தூக்கிப் போடுங்க"ன்னு நாலு பக்கமும் சொல்றாங்க. இன்னொரு பக்கம், மெமரி சிப்பெல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்குப் போவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிடுச்சு. க்ரூஷியல் பிராண்டை நடத்தி வந்த மைக்ரான், சில்லறை விற்பனையை நிறுத்தப் போவதா டிசம்பரில் அறிவிச்சது. இந்த நேரத்தில் தப்பான ஸ்டிக் வாங்கினா, அது மாச பட்ஜெட்டில் விழும் அடி.

3. முதல்ல டயக்னோசிஸ். 'ஸ்லோ' என்பது காய்ச்சல் மாதிரி. அது அறிகுறி, நோய் இல்லை.

தினமும் செய்யும் வேலையெல்லாம் திறந்து வெச்சுட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பாருங்க. 90 சதவீதத்தைத் தொட்டா ரேம் பத்தலை. மெமரி பாதிதான், டிஸ்க் மட்டும் 100-ல் நிக்குதா? உங்களுக்குத் தேவை ரேம் இல்லை, எஸ்எஸ்டி.

4. ரேம்தான்னு உறுதியாச்சா? அடுத்தது 'ப்ளட் க்ரூப்'. டிடிஆர்3-க்கு 240 பின், 1.5 வோல்ட். டிடிஆர்4-க்கு 288 பின், 1.2 வோல்ட். டிடிஆர்5-க்கும் 288 பின்தான், ஆனா 1.1 வோல்ட், நடுவில் உள்ள வெட்டு வேற இடத்தில். ஒன்னு இன்னொன்னோட சேராது. நுழையலைன்னா அழுத்தாதீங்க. உங்களுடையது எதுன்னு 'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருள் காட்டிடும்.

5. க்ரூப் ஒன்னா இருந்தாலும் நாங்க உடனே ரத்தம் ஏத்துவதில்லை. க்ராஸ் மேட்ச் செய்வோம். ரேமுக்கும் அதேதான். 3200 ஸ்டிக்கோட 2400 ஸ்டிக் போட்டா, ரெண்டும் 2400-ல்தான் ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு வீண். பழைய ஸ்டிக் லேபிளில் இருக்கும் பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துட்டுப் போங்க. அதே மாடல் கிடைச்சா நல்லது. இல்லைன்னா அதே டிடிஆர், அதே வேகம், அதே வோல்ட்.

6. ஒத்தையா 16-ஐ விட 8+8 பெரும்பாலும் மேல். ரெண்டு சேனலில் ஒரே நேரத்தில் டேட்டா போகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வித்தியாசம் நல்லாவே தெரியும். நாலு ஸ்லாட் இருந்தா, பெரும்பாலான மதர்போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2-ம், 4-ம் ஸ்லாட். மேனுவலைப் பாருங்க. 8+4 போட்டாலும் பெரும்பாலும் ஓடும். ஆனா முழு 12-க்கும் அந்த வேகம் வராது.

7. "எதைப் போட்டாலும் ஓடும் சார்"னு கடையில் சொல்வாங்க. ஓடலாம். ஆனா சேராத ரேம் சில சமயம் நீலத் திரை கூட காட்டாம, சேமிக்கும் ஃபைலைச் சத்தமில்லாம கெடுக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பமும் சர்டிபிகேட்டும் நனைஞ்சதைப் பார்த்த ஊர் முடிச்சூர். அதுக்கப்புறம் பலர் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டரில் வெச்சிருக்கோம். அதனால கை வைக்கும் முன் பேக்கப் கட்டாயம்.

8. ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கழட்டணும். போட்டதும் 'மெம்டெஸ்ட்86' என்ற இலவச சோதனையை ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அப்படியே பயன்படுத்தாதீங்க. ஒவ்வொரு ஸ்டிக்கா தனியாப் போட்டுச் சோதிச்சா எது பிரச்சனைன்னு தெரியும். ரிச்சி ஸ்ட்ரீட்டோ, தாம்பரம் கடையோ, காசு கொடுக்கும் முன் கேளுங்க: "சேரலைன்னா மாத்தித் தருவீங்களா?" பதிலை பில்லில் எழுதி வாங்குங்க.

9. பிள்ளை நீட்டுக்குப் படிக்கவும் ஆன்லைன் விண்ணப்பம் போடவும் பல வீடுகளில் இருப்பது அந்த ஒரே மெஷின். அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம், சோதிக்காம வைத்தியம் பார்க்கவும் வேண்டாம். சரியான ஒரு ஸ்டிக் இன்னும் சில வருஷம் ஓட்டும்.

சந்தேகம் இருந்தா கமென்டில் லேபிள் போட்டோ போடுங்க. டூட்டி முடிஞ்சு பார்த்துச் சொல்றேன்.