ஆய்வுகூடத்தின் கதவு யாருக்குத் திறக்கும்?

தேயிலைச் செடியின் மரபணுத்தொகுதியிலுள்ள ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளையும் படித்து, 2017 ஆம் ஆண்டிலே சீன அறிஞர்கள் உலகுக்கு வெளியிட்டனர். அச்செடியை நட்டு, பேணி, கொழுந்து பறித்து இந்நாட்டை வாழ்வித்தவர்களின் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அவ்வெழுத்துகளைப் படிக்கும் ஆய்வுகூடத்திலே காலடி வைத்துள்ளனர்? பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை மலைகளின் சார்பில் இவ்வினாவை நாம் எழுப்புகின்றோம்.

தொலைவு தடையென்று எவரும் கூறவியலாது. பதுளையிலே ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 இல் நிறுவப்பட்டது. 1925 இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் உள்ளது. அதன் கிளையொன்று பசறையிலேயே இருக்கின்றது. தடை வேறிடத்தில் உளது.

விஞ்ஞான மாணவர் ஏட்டுக் கல்வியால் மட்டும் ஆய்வாளராவதில்லை. விடுமுறையிலே எட்டுப் பத்து வாரங்கள் ஓர் அறிஞரின் அருகிருந்து, இலையிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கவும், கணினியிலே வரிசைகளை ஒப்பிடவும் பழகல் வேண்டும். அவ்வறிஞர் வழங்கும் சான்றுரையே மேற்படிப்புக்குத் திறவுகோல். உதவிப்பணமில்லாத பயிற்சியைக் கொழும்பிலே வீடுடையவன் ஏற்பான். லயத்து அறையிலிருந்து வந்தவள் என் செய்வாள்? தங்க இடமின்றி, தம்பி தங்கையரின் படிப்புச் செலவை எண்ணி, பிரத்தியேக வகுப்பு நடத்த ஊர் திரும்புவாள். இருவர் பெற்ற புள்ளிகளும் ஒன்றே. எனினும் பட்டம் பெறும் நாளில் அவனிடம் சான்றுரை உண்டு, அவளிடம் இல்லை. பின்னர், "மலைநாட்டிலிருந்து தகுதியுடையோர் விண்ணப்பிக்கவில்லை" என்பர். வாய்ப்பை மறுத்துவிட்டு, அம்மறுப்பின் விளைவையே தகுதியின்மைக்குச் சாட்சியாக நிறுத்துவது எந்த நீதி?

பல்கலைக்கழக அனுமதியிலே பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. பதுளையும் அவற்றுள் ஒன்று. இதனை நாம் வரவேற்கின்றோம். ஆயினும் மாவட்டத்துக்கு ஒதுக்கிய இடமெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கிட்டிய இடமாகிவிடாது. மேலும், வாயிலைத் திறந்துவிட்டு உள்ளறைகளைப் பூட்டி வைப்பதாற் பயனென்ன?

அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் 1987 முதல் இளமாணி மாணவர்களின் ஆய்வுப் பயிற்சிக்கு நிதி வழங்கி வந்துள்ளது. அங்கே மரபணு ஆய்வு நிலையங்கள் பல, ஆய்வுலகிலே இடங்குறைந்த சமூகத்து மாணவரைத் தேடியழைத்து, உதவிப்பணமும் உறைவிடமும் அளித்துக் கோடைப் பயிற்சி நடத்தியுள்ளன. அவை பெரும்பாலும் அந்நாட்டவர்க்கே உரியன. நமக்கு வேண்டியதை நாமே இங்கு அமைத்தல் வேண்டும்.

இது வேலைவாய்ப்பைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. 2015 இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்திலே 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இடம்பெற்றனர். அதில் இலங்கைத் தமிழராகக் கணிக்கப்பட்டோர் ஐக்கிய இராச்சியத்தில் வாழ்ந்தவர்கள். மலையகத் தமிழருக்கென அங்கே ஒரு குழு இல்லை. தலசீமியா போன்ற பரம்பரைக் குருதிநோயைப் பெற்றோர் இருவரும் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. நாளை நம் குருதியைக் கேட்டு ஆய்வாளர் மலையேறி வரக்கூடும். எதற்காகக் கேட்கின்றனர், அதனால் நமக்கு என்ன பயன் என்பதை நம் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற, அவ்வாய்வின் மேசையிலே நம் பிள்ளைகளும் அமர்ந்திருத்தல் வேண்டும்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 ஆம் உறுப்புரை, எல்லாப் படிநிலைகளிலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை அரசின் குறிக்கோளாக வகுத்துள்ளது. 29 ஆம் உறுப்புரையோ, அதனை நீதிமன்றிலே வலியுறுத்த இயலாதென்கின்றது. நீதிமன்றிலே பெற முடியாததை மக்கள் மன்றிலே பெறுவதே வழி.

ஆகவே நாம் கோருவன மூன்று. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பல்கலைக்கழகங்களும் தோட்டப்புற மாணவருக்கு ஆண்டுதோறும் விடுமுறைக்கால ஆய்வுப் பயிற்சி இடங்களை ஒதுக்குக. உதவிப்பணமும் உறைவிடமும் அரசு வழங்குக. அறிவித்தல்கள் தமிழிலும் வெளிவருக. கண்டியிலும் கொழும்பிலும் வாழும் நம் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் சட்டத்தரணிகளும் அதுவரை வாளாவிருத்தல் தகாது. ஆளுக்கொரு மாணவிக்கு இரு மாதங்கள் தம் இல்லத்தில் இடமளிக்கலாமே! தோட்டத்துப் பெற்றோரும், பெண்பிள்ளையென்று தயங்காது அனுப்புதல் வேண்டும்.

1948 இல் நாடற்றோராக்கப்பட்ட நம்மவருட் பலர், 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை, 55 ஆண்டுகள், பிரஜாவுரிமைக்குக் காத்திருந்தனர். இக்கதவுக்கும் அத்தனை காலம் காத்திருக்க நாம் ஆயத்தமாயில்லை.