கலர் சோர்ட்டரைத் திருத்த யார் வருவது?

போன மாதம் எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் கலர் சோர்ட்டர் நின்றுவிட்டது. கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஆனால் காம்பு பிரியவில்லை. கொழும்புக்குப் போன் எடுத்தார்கள். ஆள் வந்து சேர மூன்று நாள் ஆனது. வந்த பொடியனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காற்றழுத்தத்தைப் பார்க்கும் சென்சரின் வயர் ஒன்று கழன்றிருந்ததைக் கண்டுபிடித்து, அரை மணித்தியாலத்தில் ஓடவைத்துவிட்டுப் போனான். இடைப்பட்ட மூன்று நாளும் காம்பு பொறுக்கக் கூப்பிடப்பட்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? அந்த மெஷின் வந்தபோது இனி வேண்டாம் என்று மலைக்கு அனுப்பப்பட்ட அதே பெண்களைத்தான்.

"மெஷின் வந்தால் நம்ம வேலை போயிடும்" என்று தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். அது பொய்யில்லை, காம்பு பொறுக்கும் வேலை போனதை நாம் கண்ணால் பார்த்தோம். ஆனால் நாம் வேண்டாம் என்றதற்காக எந்த மெஷினும் திரும்பிப் போனதில்லை. மெஷினோடு சேர்ந்து ஒரு புது வேலையும் வருகிறது. அந்த வேலை மட்டும் ஏன் எப்போதும் வெளியாளுக்குப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

இன்றைய ஸ்டோரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கொழுந்து வாடும் இடத்தில் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க இன்வேர்ட்டர். டிரையரில் சூட்டை அளக்க சென்சர். தேயிலையில் ஈரம் கிட்டத்தட்ட 3 வீதத்துக்கு இறங்கவேண்டும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், அதிகமாகக் காய்ந்தால் கருகும். முன்பு கையில் அள்ளி மணத்தை வைத்தே பதம் சொன்னார்கள் நம் பெரியவர்கள். இப்போது பிஎல்சி என்ற சிறு கணினி சென்சரைக் கேட்டு, எந்த மோட்டார் எப்போது ஓடவேண்டும் என்று முடிவெடுக்கிறது. அதற்குக் கட்டளை எழுதும் முறையொன்றை ஏணிப்படம் என்பார்கள். ஏணிப்படி போலக் கோடு கோடாக இருக்கும். வகுப்பில் ஒருநாள் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். கணக்கில் எப்போதும் கடைசியில் நிற்கும் பிள்ளைகள் இரண்டு பேர்தான் முதலில் விளங்கிக்கொண்டார்கள்.

மின்சாரம், இயந்திரம், கணினி மூன்றையும் சேர்த்துப் படிப்பதை மெக்கட்ரோனிக்ஸ் என்கிறார்கள். அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரிகளில் முழுநேரப் பாடநெறிகளுக்குக் கட்டணம் இல்லை. சாதாரண தரத்துக்குப் பிறகு மின், மோட்டார், ஒட்டுவேலை போன்ற பாடநெறிகளில் சேர்ந்து தேசிய தொழில் தகைமை 4 ஆம் மட்டம் வரை போகலாம். 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டம். அதற்கு இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் கொழும்புக் கடைதான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இப்படியொரு பாதை இருப்பதே தெரியாது. அதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. டாக்டர், டீச்சர் என்ற இரண்டு சொல்லுக்கு அப்பால் நாங்களும் அதிகம் பேசவில்லை. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் தொடங்கியது. மலையகத்தின் பல பாடசாலைகளில் அது இன்னும் இல்லை என்பதற்காக எத்தனை தடவை குரல் கொடுத்தோம்?

ஸ்டோரில் இருபது வருடமாக ரோலரைக் கழற்றிப் பூட்டும் அண்ணன்மாருக்கும் ஒரு செய்தி. வகுப்புக்குப் போகாமலே, உங்கள் கைவேலையைப் பரீட்சித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். அந்தக் கடதாசி இல்லாததால்தான் இன்னும் பலர் "ஹெல்பர்" என்ற பெயரில் சம்பளம் வாங்குகிறார்கள்.

தடைகள் இல்லை என்று சொல்ல மாட்டோம். நம் பிரதேசங்களில் பல பாடநெறிகள் சிங்களத்தில் நடக்கின்றன, டிப்ளோமா ஆங்கிலத்தில். கல்லூரி இருக்கும் டவுனில் போர்டிங் எடுக்க, மாதத்தில் பாதிநாள் பேர் விழும் குடும்பத்தால் முடியாது. பொம்பளப் பிள்ளைக்கு மெஷின் படிப்பு எதற்கு என்று கேட்கும் வீடுகளும் உண்டு. மெஷின் முதலில் பறித்தது பெண்களின் வேலையைத்தான் என்பதை அந்த வீடுகளுக்குச் சொல்லவேண்டும்.

சங்கம் கம்பனிகளோடு பேசும்போது நாட்சம்பளத்தோடு இன்னொன்றையும் மேசையில் வைக்கவேண்டும். புது மெஷின் கொண்டுவரும் ஒவ்வொரு தோட்டமும், அதை ஓட்டவும் திருத்தவும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது, அதில் ஒருவர் பெண்ணாக, தன் செலவில் படிக்க அனுப்பவேண்டும். படிக்கும் காலத்துக்குப் போர்டிங் பணமும் தரவேண்டும். மெஷினால் வேலை போனவரின் வீட்டுப் பிள்ளைக்கு முதலிடம்.

கம்பனி சம்மதிக்கும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும், சாதாரண தரம் எழுதிவிட்டு லயத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தருவது ஆசிரியர்களாகிய எங்கள் வேலை.