எந்த நீரிழிவு என்று கேட்போம்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக அதை நடத்தியது சென்னை கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. எண்ணிக்கையைத் தந்த அதே நிறுவனம் இன்னொரு கேள்வியையும் ஆராய்ந்துவருகிறது: இவர்கள் எல்லாருக்கும் இருப்பது ஒரே நோய்தானா?

பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அதில் பல மரபணுக்களோடு உணவும் உடலுழைப்புக் குறைவும் சேர்ந்து செயல்படுகின்றன. ஆனால், ஒரு சிறு பிரிவினருக்கு ஒற்றை மரபணுவின் மாற்றமே நோயை உண்டாக்குகிறது. இளம் வயதில் தொடங்கும் அத்தகைய நீரிழிவு குறித்து, ஜெனன்டெக் உள்ளிட்ட நிறுவனங்களுடன் இணைந்து 289 பேரின் மரபணுக்களை வாசித்த ஆய்வை இந்த அறக்கட்டளை 2018-இல் வெளியிட்டது.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தைகள் முன்பு ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசியையே நம்பியிருந்தனர். அவர்களுள் பலருக்குக் காரணம் கணையச் செல்லின் பொட்டாசிய வாயிலை உருவாக்கும் மரபணுவின் பிறழ்வு என்பது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் வெளியான ஆய்வில், அப்பிறழ்வு கொண்ட 49 பேரில் 44 பேர் ஊசியை விட்டுச் சல்போனைல்யூரியா மாத்திரைக்கு மாறினர். அது புதிய மருந்தன்று; பல பத்தாண்டுகளாகக் குறைந்த விலையில் கிடைப்பது.

பொருளாதாரம் படித்தவனுக்கு இங்கே ஒரு சந்தைத் தோல்வி தெரிகிறது. சோதனைக்கு ஒருமுறைதான் செலவு. ஊசிக்கு நாள்தோறும் செலவு. ஆயினும், சோதனைக் கட்டணம் இன்றே கையிலிருந்து போகிறது. அதன் பலனோ பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகத்தான் திரும்புகிறது. தினக்கூலியில் வாழும் குடும்பத்தால் இந்த முதலீட்டைச் செய்ய இயலாது. லாபம் தெளிவாகத் தெரிந்தும் தனிநபரால் செய்ய முடியாத முதலீட்டை அரசுதான் செய்ய வேண்டும்.

நீரிழிவு உள்ள எல்லாருக்கும் மரபணுச் சோதனை வேண்டும் என்பதல்ல வாதம். அது வீண் செலவு. நீரிழிவு ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு பெருகியதற்கு மரபணுவைக் குற்றஞ்சாட்டவும் முடியாது. அவ்வளவு விரைவில் மரபணு மாறுவதில்லை. மாறியது நம் தட்டும் நடையும்தான்.

பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத்தொகைத் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பொதுப் பணத்தில் உருவான அறிவு பொதுமக்களின் நோய்ப்படுக்கையை எட்ட வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் நீரிழிவு மாத்திரையை வீட்டுவாசலுக்கே கொண்டுசென்ற மாநிலம் இது. ஆறு மாதத்துக்குள் நீரிழிவு கண்டறியப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டணமில்லா மரபணுச் சோதனை என்ற சிறு அறிவிப்போடு அடுத்த அடியை எடுத்துவைக்கலாம்.