வீட்டிற்கும் திணை உண்டு

கொழும்பிலிருந்து வரும் புகைவண்டி ரம்புக்கனையைக் கடந்ததும் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்குகின்றது. 1867ஆம் ஆண்டிற் கண்டியை எட்டிய அவ்விருப்புப் பாதையை வகுத்தோர், குடைய வேண்டிய இடத்தில் மலையைக் குடைந்தனர். ஏனைய இடங்களில் மலை வளைந்தவாறே பாதையையும் வளைத்தனர். நிலத்தின் போக்கறிந்து கட்டியது நிலைத்து நிற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இயற்கையைத் தழுவிய கட்டடக்கலை என்று இன்று உலகெங்கும் புகழ்ந்து பேசப்படுவதன் அடிப்படையும் இதுவே. அக்கலையின் பயன் நம் மலைநாட்டில் யாரைச் சேர்ந்துள்ளது, இனி யாரைச் சேர வேண்டும் என்பது பற்றிய எமது கருத்தை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் கூற விழைகின்றோம்.

தமிழ் கற்பிப்போர்க்கு இக்கொள்கை புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். அவற்றிற் பிறப்பன கருப்பொருள். அங்கு வாழ்வாரின் ஒழுக்கம் உரிப்பொருள். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் அரண்மனையும், கோல் நாட்டி, நிழல் நோக்கித் திசை தெளிந்து, நூலிட்டு அளந்த பின்னரே எழுகின்றது. வீட்டையும் ஒரு கருப்பொருளாகக் கொள்வோமாயின், அதன் சுவரும் கூரையும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நிலமும் பொழுதுமே சொல்லிவிடும்.

இதனை இந்நாட்டில் விளங்கக் காட்டியவர்களுள் தலையாயவர் ஜெப்ரி பாவா (1919–2003). சட்டம் பயின்ற இவர், 1948இல் பெந்தோட்டைக்கு அணித்தாக லுணுகங்கை என்னும் பழைய இறப்பர்த் தோட்டமொன்றை வாங்கினார். அதனைச் சோலையாக்க முற்பட்டபோது கட்டடக்கலையில் நாட்டம் பிறந்தது. இலண்டன் சென்று கற்று, 1957இல், முப்பத்தெட்டாம் அகவையிற் கட்டடக் கலைஞராகத் தகைமை பெற்றார். தம்புள்ளைக்கு அண்மையில், கண்டலமைக் குளத்தை நோக்கி, 1990களில் அவர் அமைத்த ஹோட்டல் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளமுடையது. அத்துணைப் பெரிய கட்டடம் பாறையின் வடிவைத் தழுவிக் கிடக்கின்றது. தூண்கள்மேல் நிற்பதால், மலையிலிருந்து வழியும் மழைநீர் அதன் கீழாகச் சென்று குளத்தை அடைகின்றது. முகப்பைக் கொடிகள் மூடுகின்றன. இத்தனைக்கும் அது கொங்கிறீற்றுக் கட்டடமே. இயற்கையோடு இயைதல் என்றால் ஓலைக் குடிசைக்குத் திரும்புதல் என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்க. நீரின் வழியை மறியாமை, காற்றின் வரவைத் தடாமை, நிலத்தின் சரிவை மதித்தல் ஆகிய மூன்றுமே இக்கலையின் உயிர்நிலை.

கண்டலமையில் விருந்தினர் மகிழ்ந்து தங்குகின்றனர், அது நன்றே. ஆயின் காடு திருத்தி மலைநாட்டை வளமாக்கியவரின் இல்லம் எவ்வாறுளது? கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்னும் பழமொழியே எமக்கு நினைவுக்கு வருகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பரா, அயலாரோடு பொதுவான சுவர், குறுகிய இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை: இதுவே வெள்ளையர் காலத்து லயத்தின் இலக்கணம். இன்றும் பல குடும்பங்கள் அதனுள்ளேயே வாழ்கின்றன. நண்பகலிலே தகரம் கொதிக்கின்றது. மாரியிலே அதன் இரைச்சலாற் பிள்ளை தான் வாய்விட்டுப் படிக்கும் பாடம் தன் செவிக்கே கேளாது போகின்றது. வீடு சரியில்லாமையாற் கல்வி தேய்வதை ஆசிரியராய் உள்ளோர் நன்கறிவர்.

கல்வியோடு உயிரும் இதிலடங்கும். 2014 ஒக்டோபரிற் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2016 மே மாதத்தில் எமது கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமற்போயும் மறைந்தனர்; அதே நாட்களிற் புளத்கொஹுபிட்டியவின் களுபானைத் தோட்டத்திலும் லயத்தின்மேல் மண் விழுந்தது. பெருமழையே காரணம் என்று கூறி நாம் அமைதல் தகாது. மழை இம்மலைக்குப் புதிதன்று. சரிவைச் செங்குத்தாக வெட்டி மேடை அமைப்பதும், மேலிருந்து வரும் நீருக்கு வடிகால் வகுக்காது விடுவதும், ஆழ வேரோடிய மரங்களை அழிப்பதும் மனிதர் செய்பவை. அத்தகைய இடத்தில் மழை வருங்கால் மலை தாங்காது.

அண்மை ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்துள்ளன. இந்திய உதவியுடன் கட்டப்படும் வீடு 550 சதுர அடி கொண்டது. தமக்கென ஒரு வாயிலும் ஒரு முற்றமும் பெறுதல் பெரும்பேறு. இதனை யாம் மனமார வரவேற்கின்றோம். எனினும் நுவரெலியாவின் குளிருக்கு வரைந்த படம் கேகாலையின் புழுக்கத்திற்குப் பொருந்துமா? இங்கு வேண்டுவது எதிரெதிர்ச் சன்னல், நீண்டு தாழ்ந்த கூரை விளிம்பு, வெம்மையை மறிக்கும் உட்கூரை. சரிவான காணியில் நிலத்தை வெட்டாது படிபடியாய் இறங்கும் தளம் வேண்டும். வீட்டின் பின்புறச் சரிவில் வெட்டிவேர் நட்டால், இரண்டு மூன்று மீற்றர் ஆழம் செல்லும் அதன் வேர்கள் மேல்மண்ணைப் பற்றிக்கொள்ளும். முற்றாகச் சரியும் மலையை அது தடுக்கமாட்டாதாகலின், அபாயமான இடமென அறிஞர் குறித்த நிலத்தில் வீடே கட்டாமை முதற்கடன்.

இவையெல்லாம் செலவு மிகுந்தவை எனச் சிலர் கூறுவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து பணிசெய்த லோறி பேக்கர் (1917–2007) அவர்களுக்கு விடையளித்துள்ளார். சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றும் ஒளியும் புகச் செய்தார். கழித்த ஓடுகளைக் கூரைத் தளத்தினுட் பதித்துக் கொங்கிறீற்றைக் குறைத்தார். செலவு குறைந்தது, வீடும் குளிர்ந்தது.

உரிப்பொருளை மறந்தாலோ எல்லாம் வீண். 1950களிற் கண்டி வட்டபுளுவையில் அரசாங்க ஊழியர்க்கு வீடமைத்த மின்னெட் டி சில்வா, அங்கே குடியேறவிருந்தோரை வினவி, அவர்தம் தேவையும் வழக்கமும் அறிந்தே வரைபடம் தீட்டினார். தோட்டத்து வீட்டிற்கும் அவ்வாறு செய்தாலென்ன? கொழுந்தும் பாலும் எடுத்து நனைந்து வருவோர்க்கு ஈர உடை உலர்த்த ஓரிடம், விறகடுப்பின் புகை போக ஒரு வழி, பிள்ளை படிக்க ஒரு மூலை, சாமி படத்திற்கு ஒரு மாடம் என்பன அவ்வீட்டுப் பெண்மணி வாய்திறந்து சொன்னாலன்றிப் படத்தில் ஏறா.

பழைய மாணவருட் பொறியியலாளர், அதிகாரிகள், செல்வர், ஆசிரியர் எனப் பலரும் இருத்தல் இயல்பு. யூபிலியின் நினைவாகக் கட்டடம் எழுப்ப எண்ணுவோர், மாடிகளின் எண்ணிக்கையாற் பெருமை தேடாது, நண்பகலில் மின்விளக்கும் மின்விசிறியுமின்றி மாணவர் அமர்ந்து கற்கத்தக்க வகுப்பறை ஒன்றையேனும் கட்டுக. அதனிற் பயிலும் தோட்டத்துப் பிள்ளை தன் வீடும் இவ்வாறு அமையலாகும் என்று கண்ணாரக் காணட்டும். கண்டதைக் கேட்கவும் துணியட்டும். நிலத்தையும் பொழுதையும் அறிந்து, வாழ்வாரைக் கேட்டுக் கட்டும் கலை, மலையை நம்பி வாழும் எளியோர்க்கே முதலில் உரியது என்பது எமது துணிபு.